உரிமம் இல்லாதவருக்குக் கூலி இல்லை

பாம் ஸ்பிரிங்ஸ் கலிஃபோர்னியாவின் பாலைவன ஊர். அங்கே அலையடிக்கும் குளம் ஒன்றைக் கட்ட 1980-களில் ஒரு நீர்ப்பூங்கா நிறுவனம் ஆசைப்பட்டது. செயற்கை அலை எழுப்பும் கருவிக்குக் காப்புரிமை வைத்திருந்தது நியூயார்க்கின் ஹைட்ரோடெக் நிறுவனம். தங்களுக்குக் கலிஃபோர்னியாவில் கட்டுமான உரிமம் இல்லை என்பதால் கருவியை மட்டும் விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளவே ஹைட்ரோடெக் பார்த்ததாம். பூங்காக்காரர்கள் விடவில்லை; குளத்து வேலையையும் நீங்களே செய்துகொடுங்கள் என்று நெருக்கினார்கள் என்கிறது வழக்கு. குளம் தயாரானது. பணத்தில் ஒரு பகுதியைப் பூங்கா தராமல் நிறுத்திக்கொண்டது.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-ல் முடிந்தது. ஆரம்பத்திலிருந்தே பணம் தரும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றது ஹைட்ரோடெக். அது உண்மையாகவே இருந்தாலும் பணம் கேட்க உங்களுக்கு வழியில்லை என்றது நீதிமன்றம். உரிமம் இல்லாமல் கட்டியவர் கூலி கேட்டு நீதிமன்றப் படி ஏறக்கூடாது என்கிறது அந்த மாநிலத்தின் தொழில்கள் சட்டத்தில் 7031-ஆம் பிரிவு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 2002 முதல் அந்தப் பிரிவுக்கு இன்னொரு பல்லும் முளைத்தது. கொடுத்த பணத்தையெல்லாம் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் ஆள்கூலிக்கும் போனது போக மீதி என்ற கணக்கே கிடையாது. வேலையில் குறை இருந்ததா, இல்லையா என்றும் யாரும் கேட்பதில்லை. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு தோட்ட வேலை வழக்கைப் பாருங்கள். ஒப்பந்ததாரருக்கு உரிமம் இல்லை என்பது வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும். தெரிந்தே வேலையைக் கொடுத்தார், 57,500 டாலர் கொடுத்தார், பிறகு அத்தனையையும் திருப்பிக் கேட்டு ஜெயித்தார். வேலை நடுவில் ஒப்பந்ததாரர் உரிமம் வாங்கிவிட்டதும் அவரைக் காப்பாற்றவில்லை.

எனக்கு இந்தத் தீர்ப்பு கசக்கத்தான் செய்கிறது. தெரிந்தே வேலை வாங்கியவருக்குத் தோட்டமும் மிச்சம், பணமும் மிச்சம். ஆனால் நீதிமன்றத்தின் தர்க்கத்தைத் தட்டிவிடவும் முடியவில்லை. நல்ல வேலைக்காரர், பாவம், வீட்டுக்காரர் கெட்டிக்காரர் என்று ஒவ்வொரு வழக்கிலும் இரக்கத்தை நிறுக்கத் தொடங்கினால், வாய் சாமர்த்தியம் உள்ள எல்லோரும் உரிமமின்றியே தொழிலை நடத்திவிடுவார்கள். அதனால்தான் சட்டம் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. முன்பு உரிமம் வைத்திருந்து, நடுவில் காலாவதியாக விட்டவருக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு தப்பிக்க இடமுண்டு. ஒருநாளும் உரிமமே வாங்காதவருக்கு அதுவும் இல்லை.

இவ்வளவு பெரிய இழப்பிலிருந்து காக்கும் அந்த உரிம அட்டையின் விலை என்ன? உரிமங்களைக் கொடுப்பது சிஎஸ்எல்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒப்பந்ததாரர் மாநில உரிம வாரியம். 1929-ல் தொடங்கிய இந்த வாரியத்தின் கீழ் இன்று 2,80,000-க்கும் அதிகமான உரிமங்கள் இருக்கின்றன. பெரிய பொறியியல் பணிகளுக்கு ஏ, பொதுவான கட்டடங்களுக்கு பி, தனித் தொழில்களுக்கு சி என்று வகை பிரித்திருக்கிறார்கள். மின்வேலை சி-10, குழாய் வேலை சி-36, கூரை வேலை சி-39. 2022-ல் திருத்திய கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 450 டாலர். தேர்வில் தேறியபின் முதல் உரிமத்துக்குத் தனியாள் என்றால் 200, நிறுவனம் என்றால் 350. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தனியாளுக்கு 450, நிறுவனத்துக்கு 700. ஒரு குளியலறையைப் புதுப்பித்துத் தந்தால் இதைப்போலப் பல மடங்கு கிடைத்துவிடும்.

ஆக, கட்டணம் பெரிய தடையில்லை. கட்டண உயர்வு வரும்போதெல்லாம் கிளம்பும் கூச்சலைக் கேட்டால் அதுதான் தொழிலையே நசுக்குவதாகத் தோன்றும். உண்மையான செலவு வேறு இடங்களில் இருக்கிறது. 25,000 டாலருக்கான ஜாமீன் பத்திரம் வேண்டும். 2023-க்கு முன் இது 15,000. அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்டவேண்டியதில்லை, ஜாமீன் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். எவ்வளவு என்பது அவரவர் கடன் வரலாற்றைப் பொறுத்தது. கடனை ஒழுங்காகக் கட்டாதவர் இங்கே கூடுதலாக அழவேண்டும். கைரேகை பதிய வேண்டும். தேர்வு இரண்டு: ஒன்று தொழில் அறிவுக்கு, இன்னொன்று சட்டத்துக்கும் வியாபாரக் கணக்குக்கும். கல்நார் ஆபத்தைப் பற்றிப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதும் தேர்வும் ஒன்று உண்டு.

இவை எல்லாவற்றையும்விடக் கனமானது அனுபவச் சான்று. கடந்த பத்து ஆண்டுக்குள் நான்கு ஆண்டு, தேர்ந்த வேலைக்காரராகவோ மேற்பார்வையாளராகவோ வேலை பார்த்திருக்க வேண்டும். கையாளாகவும் பழகுநராகவும் இருந்த காலம் கணக்கில் சேராது. படிப்புக்கும் பயிற்சிக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டு கழிவு கிடைக்கலாம். வேலையை நேரில் பார்த்த ஒருவர், பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு கையெழுத்திட வேண்டும். வாரியம் கேட்டால் வரிப் படிவமும் சம்பளச் சீட்டும் காட்ட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸில் கட்டுமானப் பொருள் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் காலையில் வேலைக்குக் காத்து நிற்கும் மெக்சிகோக்காரரையும் குவாத்தமாலாக்காரரையும் இந்த விதியோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டாக ஓடு பதித்திருப்பார். ஒரு சம்பளச் சீட்டுகூட இருக்காது, கூலி ரொக்கமாகவே வந்திருக்கும். சாட்சிக் கையெழுத்து போடவேண்டிய மேஸ்திரியே உரிமமில்லாதவராக இருந்தால், அந்தக் கையெழுத்து அவரையே மாட்டிவிடும். குடியுரிமையைக் காரணம் காட்டி மாநிலம் இவர்களைத் தடுக்கவில்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் வருமான வரி அடையாள எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம் என்று 2014-லேயே சட்டம் இயற்றியது. அந்தக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போகக் காகிதம் கேட்டால் அவர் எங்கே போவார்? இந்த ஏற்பாட்டில் நான் குறை காண்பது இங்கேதான். கைவேலையை வைத்தே திறமையைச் சோதிப்பது முடியாத காரியமில்லை. வாரியத்தின் தொழில் தேர்வோ கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு.

சின்ன வேலைகளுக்கு விலக்கு உண்டு. பொருளும் கூலியும் சேர்த்து 500 டாலருக்குள் அடங்கும் வேலைக்கு உரிமம் வேண்டாம் என்று நெடுங்காலம் இருந்தது. விலைவாசி ஏறியபின் அதற்குள் ஒரு குழாய் வேலையைக்கூட முடிப்பது சிரமம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து வரம்பு 1,000 டாலர். கட்டட அனுமதி தேவைப்படும் வேலையாகவோ, இன்னொருவரைச் சம்பளத்துக்கு வைத்துச் செய்வதாகவோ இருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. பெரிய வேலையைத் துண்டு துண்டாக ரசீது போட்டுத் தப்பிக்கவும் முடியாது. விளம்பரம் கொடுத்தால் தனக்கு உரிமம் இல்லை என்று அதிலேயே சொல்லியாக வேண்டும்.

இதைக் கண்காணிக்க வாரியம் பொறி வைக்கிறது. ஒரு காலி வீட்டில் அதிகாரி வீட்டுக்காரராக நடித்து, வேலிக்கோ சுவர்ப் பூச்சுக்கோ விலை கேட்டு ஆட்களை வரவழைப்பார். வந்தவர் வரம்புக்கு மேல் விலை சொன்னதும் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் நோட்டீஸ் கைக்கு வரும். வீட்டு வேலைக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது. அதை மீறிக் கேட்டவரும் மாட்டுவார். அது உரிமம் உள்ளவருக்கும் சேர்த்த விதி. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போகும் கதை எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

அமெரிக்கா முழுவதும் இதே கண்டிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். டெக்சாஸில் பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் மாநில உரிமம் கட்டாயம். வீடு கட்டும் பொது ஒப்பந்ததாரருக்கும் கூரை போடுபவருக்கும் மாநில அளவில் ஒன்றுமே தேவையில்லை. வீடு கட்டுவோரைப் பதிவு செய்ய 2003-ல் உருவாக்கிய ஆணையம் சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டது. 2019-ல் பிளம்பிங் வாரியமே பறிபோகப் பார்த்தது. வாரியத்தை நீட்டிக்கும் மசோதாவை நிறைவேற்றாமலே சட்டமன்றம் கலைந்துபோனது. குழாய்க்காரர்களின் எதிர்ப்புக்குப் பின், ஹார்வி புயலுக்கான பேரிடர் அதிகாரத்தைக் கையிலெடுத்து ஆளுநர் கிரெக் அபாட் அதற்கு 2021 வரை உயிர் கொடுத்தார். உரிமம் சுமை என்று புலம்பும் அதே தொழிலாளிகள், அது போய்விடும் என்றதும் தெருவுக்கு வந்தார்கள். தாங்கள் பல ஆண்டு உழைத்துச் சம்பாதித்த காகிதத்துக்கு மதிப்பு இல்லாமல் போவதை யார்தான் விரும்புவார்?

இந்த வேறுபாடு 2025 ஜனவரியில் கூர்மையாகத் தெரிந்தது. பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற காட்டுத்தீக்கள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. இப்படி வீடுகள் அழிந்த இடத்துக்கு மற்ற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி ஆட்கள் வருவது வழக்கம். கலிஃபோர்னியாவில் உரிமமின்றி ஒப்பந்தம் போடுவது சாதாரண நாளில் சிறு குற்றம். முதல்முறை மாட்டினால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 5,000 டாலர் அபராதம். பேரிடர்ப் பகுதியாக அறிவித்த இடத்தில் அதே காரியம் பெருங்குற்றமாகி, மூன்று ஆண்டு வரை சிறை காத்திருக்கிறது. டெக்சாஸில் ஆயிரம் கூரை போட்டவரானாலும் இதே கதிதான். அரிசோனா, நெவாடா, லூசியானா போன்ற சில மாநிலங்களில் ஐந்து ஆண்டு உரிமத்தோடு ஒழுங்காகத் தொழில் செய்தவருக்குத் தொழில் தேர்வு மட்டும் தள்ளுபடியாகலாம். சட்டத் தேர்வை எழுதி, ஜாமீன் பத்திரம் கொடுத்து, கைரேகையும் பதிந்து முடிக்கும்வரை அவரும் காத்திருக்க வேண்டியதுதான்.