பொறுத்திருத்தலும் செயலாற்றலும்: யாக்கோபு, தெசலோனிக்கேயர் நிருபங்கள் காட்டும் கிறித்தவப் பொறுமை

ஆய்வுச்சுருக்கம்

பொறுமையைச் செயலின்மையாகவும், செயலூக்கத்தைப் பொறுமையின்மையாகவும் கொள்ளும் போக்கு கிறித்தவ சமய வாழ்வில் காணப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபமும் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரு நிருபங்களும் இவ்விரண்டையும் எதிர்நிலைகளாகக் கொள்ளவில்லை. காத்திருப்போர் உழைக்கவும் பேசவும் கடமைப்பட்டவர்கள் என்பதே அவற்றின் கருத்து என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொறுமை, நீடிய பொறுமை, காத்திருத்தல், உழைப்பு, யாக்கோபு, தெசலோனிக்கேயர்.

முன்னுரை

கிறித்தவம் காத்திருத்தலைத் தன் நம்பிக்கையின் ஒரு கூறாகக் கொண்ட சமயம். கிறித்துவின் மறுவருகையை எதிர்நோக்கி வாழ்ந்த முதல் தலைமுறையினருக்கு, அதுவரை எவ்வாறு வாழ்வது என்பது அன்றாடச் சிக்கலாயிற்று. அநீதிக்கு உள்ளானவரிடம் ‘பொறுமையாயிரு’ என்று கூறும்போது, அச்சொல் ஆறுதலாகவும் அமையலாம். அவரது வாயை அடைக்கும் கருவியாகவும் அமையலாம். ஆகவே, மூலநூல்கள் அச்சொல்லை எப்பொருளில் ஆள்கின்றன என்பதை அறிதல் இன்றியமையாதது.

இரு கிரேக்கச் சொற்கள்

பொறுமையைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டில் இரு சொற்கள் முதன்மையாக வழங்குகின்றன. ஒன்று ‘ஹூப்பொமொனே’. ‘கீழ்’, ‘நிலைத்திருத்தல்’ என்னும் பொருளுடைய இரு கூறுகளால் ஆன இச்சொல், சுமையின்கீழ் நிலைபெயராது நிற்றலைக் குறிக்கும். மற்றொன்று ‘மக்ரோத்தூமியா’. ‘நீண்ட’ என்பதும் ‘சினம், உள்ளக்கிளர்ச்சி’ என்பதும் சேர்ந்த இச்சொல், எளிதில் சினம் கொள்ளாத தன்மையைக் குறிக்கும். முன்னது பெரும்பாலும் சூழ்நிலையை நோக்கியது. பின்னது பெரும்பாலும் மனிதரை நோக்கியது. எனினும் இவ்வெல்லை எல்லா இடங்களிலும் கண்டிப்பாகப் பேணப்படுவதில்லை.

தமிழில் பெருவழக்கிலுள்ள பழைய திருப்புதல் பின்னதை ‘நீடிய பொறுமை’, ‘நீடிய சாந்தம்’ என்றும், முன்னதைப் பெரும்பாலும் ‘பொறுமை’ என்றும் தருகிறது. ஆயின் ரோமர் 2:7இல், நற்செயலோடு இணைந்து வரும் ‘ஹூப்பொமொனே’ என்னும் சொல்லை அது ‘சோர்ந்துபோகாமல்’ என்று பெயர்த்துள்ளது. செயலை நிறுத்தாமையே அங்குப் பொறுமை எனப்படுகிறது. சொல்லின் உள்ளீட்டை இம்மொழிபெயர்ப்பு நன்கு புலப்படுத்துகிறது.

யாக்கோபு நிருபம்: மூன்று சான்றுகள்

யாக்கோபு 5:7-11 பொறுமையைப் பற்றிய பகுதி. அதற்கு முன்னுள்ள ஆறு வசனங்கள் செல்வரைக் கடுமையாகச் சாடுகின்றன. வயல்களை அறுத்த கூலியாட்களின் கூலி பிடித்துவைக்கப்பட்டது. அக்கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது நிருபம் (5:4). ‘ஆகையால்’ எனப் பொருள்படும் இணைப்புச்சொல்லுடனேயே பொறுமை குறித்த அறிவுரை தொடங்குகிறது. அநீதியை வெளிப்படையாகக் கண்டித்த பின்னரே நிருபம் பொறுமையை வேண்டுகிறது. எனவே, அநீதியைக் கண்டும் பேசாதிருத்தல் இங்குப் பொறுமையாகாது.

நிருபம் காட்டும் மூன்று சான்றுகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. முதலாவது, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுவோன். பாலஸ்தீனத்தில் கோடையில் இறுகிய நிலத்தை முன்மாரி இளக்கும். அப்போது உழுது விதைப்பர். இளவேனில் தொடக்கத்தில் பெய்யும் பின்மாரி கதிர் முற்ற உதவும். மழையை வரவழைத்தல் உழவனால் ஆகாது; விதையாத நிலத்தில் மழை பெய்தும் பயனில்லை. தன் கையில் உள்ளதைச் செய்து, கையில் இல்லாததற்குக் காத்திருப்பவன் அவன்.

இரண்டாவது சான்று தீர்க்கதரிசிகள். அவர்களைத் துன்பத்திற்கும் நீடிய பொறுமைக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்தும்போதே, கர்த்தரின் நாமத்தினாலே பேசியவர்கள் என்றும் நிருபம் குறிக்கிறது. பேசியதனாலேயே துன்புற்றவர்கள் பலர். துன்பத்திற்கு அஞ்சிப் பேச்சை நிறுத்தாமையே அவர்களது பொறுமை.

மூன்றாவது சான்று யோபு. யோபு நூலின் பெரும்பகுதி அவனது முறையீடும் வாதமுமே. தன் பிறந்தநாளைச் சபிக்கிறான், நண்பர்களை மறுக்கிறான், இறைவனிடமே வழக்குரைக்கிறான். ஆயினும் இறைவனை விட்டு அகலவில்லை. இறுதியில் யோபே சரியாகப் பேசினான் என இறைவன் தீர்ப்பளிக்கிறார் (யோபு 42:7). இங்கு யாக்கோபு ஆளும் சொல் ‘ஹூப்பொமொனே’. முறையிடாமை அன்று, விட்டு நீங்காமையே அதன் பொருள் என்பது தெளிவு.

தெசலோனிக்கேயர்: காத்திருத்தலின் பெயரால் ஓய்வு

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 50-51இல் பவுல் எழுதியது என்பர். இரண்டாம் நிருபத்தின் ஆசிரியர் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நிருபம் தன் தொடக்கத்திலேயே விசுவாசத்தின் செயல், அன்பின் உழைப்பு, நம்பிக்கையின் பொறுமை என மூன்றையும் ஒருங்கே வைக்கிறது (1:3). பவுல் தாமும் அங்கு இரவும் பகலும் வேலை செய்ததை நினைவூட்டுகிறார் (2:9).

அச்சபையில் சிலர் உழைப்பைக் கைவிட்டிருந்தனர். மறுவருகை அண்மித்துவிட்டது என்ற எண்ணமே காரணம் என்பர் ஆய்வாளர் பலர். நிருபங்கள் காரணத்தை வெளிப்படையாகக் கூறவில்லை. வேலை செய்ய மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்னும் விதி இச்சூழலில் எழுந்தது (2 தெச. 3:10). மனமில்லாமையையே அது கண்டிக்கிறது, இயலாமையை அன்று. முதல் நிருபம் ஒழுங்கற்றோருக்கு அறிவுரையும், மனம் சோர்ந்தோருக்குத் தேற்றுதலும், வலுவற்றோருக்குத் தாங்குதலும் என வேறுபடுத்தி, எல்லாரிடத்தும் நீடிய பொறுமையை வேண்டுகிறது (5:14). கண்டிக்கப்படுவோனையும் பகைவனாக எண்ணாது சகோதரனாகவே கொள்ள வேண்டும் (2 தெச. 3:15). ஆக, செயலுக்குத் தூண்டுவோருக்கும் பொறுமை கடமையாகிறது.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னியர் உவமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே உறங்கினர். அறிவுடையோரை வேறுபடுத்தியது விழித்திருந்தமை அன்று. முன்னரே எண்ணெயைக் கொண்டு வந்திருந்த ஆயத்தமே.

முடிவுரை

இந்நிருபங்கள் விலக்குவன பழிவாங்கலும் மனச்சோர்வும் உழைப்பைக் கைவிடுதலுமே. நீதிபதி வாசலில் நிற்கிறார் என்பதால் (யாக். 5:9) இறுதித் தீர்ப்பு மனிதர் கையில் இல்லை. உழுதலும் பேசுதலும் முறையிடுதலும் மனிதர் கையில் உள்ளவை. அவற்றைப் பொறுமை தடுப்பதில்லை. கூலி இழந்தவரிடம் பொறுமையைப் போதிப்பவர், அக்கூலியைப் பற்றிய நான்காம் வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அதை விடுத்து ஏழாம் வசனத்தை மட்டும் எடுத்துரைப்பது யாக்கோபின் பொறுமை ஆகாது.