காட்டு வான்கோழியைப் பாடம் பண்ண யாரிடம் கொடுப்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

பென்சில்வேனியாவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் டீமில் இருந்த ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ஹால் மூலையில் ஒரு காட்டு வான்கோழி. வாலை விசிறி மாதிரி விரிச்சு, இறக்கையைத் தொங்கப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிக்குது. தூரத்துல இருந்து பார்த்தா கம்பீரம். கிட்டப் போனா, தலை காய்ஞ்ச பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கிக் கிடக்கு. நெஞ்சு இறகில் மஞ்சளா எண்ணெய்க் கறை. கீழே பலகையில் பொடிப்பொடியா இறகுத் தூள்.

நான் பார்க்கிறதை அவர் பார்த்துட்டார். "எங்க அப்பாவோட கடைசி வேட்டை அது. அடுத்த வசந்தத்துக்கு அவர் இல்லை. கொண்டு வந்த அன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னார். அதுக்கு அப்போ மூணு வருஷம்தான் ஆகியிருந்தது.

நான் வேட்டைக்காரன் இல்லை. நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு உயிர்களை வேட்டையாடுறது குற்றம், அதனால யாரும் இதைக் கேட்டுட்டுக் கிளம்பிடாதீங்க. ஆனா அந்த வரி எனக்குள்ள நின்னுடுச்சு: "கொண்டு வந்த அன்னைக்கு நல்லா இருந்துச்சு." இந்தத் தொழிலில் தப்பு டெலிவரி அன்னைக்குத் தெரியாது. வருஷம் போனப்புறம்தான் தெரியும். அப்போ நல்ல ஆளை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? அடுத்த வசந்தத்தில் அவரே ஒரு வான்கோழி அடிச்சார். இந்தத் தடவை பாடம் பண்றவங்களைத் தேடி மூணு இடம் போனோம். நான் சும்மா கூடப் போனவன். ஆனா நிறைய கத்துக்கிட்டேன்.

அங்கே வான்கோழின்னா என்ன?

மூதுரை படிச்ச நமக்கு வான்கோழின்னா மயிலைப் பார்த்துக் காப்பியடிச்ச பறவை. அமெரிக்கக் காட்டில் அது யாரையும் பார்த்து ஆடலை. அது அதோட சொந்த ஆட்டம். வசந்த காலத்தில் பெட்டையைக் கவர ஆண் பறவை வாலை விரிச்சு நடக்கிற நடைக்கு "ஸ்ட்ரட்"னு பேர். 1784-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் மகளுக்கு எழுதின கடிதத்தில், வழுக்கைக் கழுகை விட வான்கோழி மரியாதைக்குரிய பறவைன்னு வாதாடியிருக்கார்.

காடு அழிஞ்சதாலயும் கட்டுப்பாடில்லாத வேட்டையாலயும் 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அது பல மாநிலங்களில் இல்லாமலே போயிடுச்சு. அப்புறம் மிச்சம் இருந்த பறவைகளை வலை போட்டுப் பிடிச்சு, வேற காடுகளில் கொண்டு போய் விட்டாங்க. இன்னைக்கு லட்சக்கணக்கில் இருக்கு. அதுக்குன்னு சீசன், டேக், எத்தனை அடிக்கலாம்னு கணக்கு எல்லாம் உண்டு. அப்பா, பிள்ளை சேர்ந்து விடியறதுக்கு முன்னாடி காட்டில் போய் உட்கார்றது அங்கே பல குடும்பங்களில் வருஷா வருஷம் நடக்கிற விஷயம். அதனாலதான் அந்த ஒரு பறவைக்கு இவ்வளவு மதிப்பு.

எது கஷ்டம்?

முதல்ல தலை. மான் முகத்தில் முடி இருக்கு, சின்னத் தப்பை மூடிடும். வான்கோழித் தலை வெறும் தோல். உயிரோட இருக்கிறப்போ ரத்த ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி சிவப்பு, வெள்ளை, நீலம்னு நிறம் மாறும். செத்ததும் அந்த நிறம் போயிடும், காய்ஞ்சா சுருங்கிடும்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, நிஜத் தலையையே உறைய வச்சு, வெற்றிடத்தில் ஈரத்தை எடுக்கிற "ஃப்ரீஸ் டிரை" முறை. உங்க பறவையோட சொந்தத் தலை நிக்கும். ஆனா சரியா பண்ணலைன்னா சுருங்கும், பூச்சியும் வரும். ரெண்டாவது, அச்சில் வார்த்த செயற்கைத் தலை. சுருங்காது, பூச்சி வராது, ஆனா அது உங்க பறவையோட தலை இல்லை. எதை எடுத்தாலும் பெயின்ட் அடிச்சே ஆகணும். நல்ல ஆள் மெல்லிசா, அடுக்கடுக்கா அடிப்பார், உள்ளே ரத்தம் ஓடுற மாதிரி தெரியும். மத்தவர் அடிச்சா பிளாஸ்டிக் பொம்மை.

ரெண்டாவது கொழுப்பு. வசந்த காலத்து ஆண் வான்கோழிக்கு நெஞ்சில் நிறைய கொழுப்பு சேர்ந்திருக்கும். தோலை உரிச்சப்புறம், சுழலும் கம்பி பிரஷ்ஷில் காட்டி அதைத் துளி விடாம எடுக்கணும். அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்புத் திரவத்தில் பல தடவை அலசணும். அலுப்பான, நாத்தம் பிடிச்ச வேலை. இதில் அவசரப்பட்டா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மிச்சக் கொழுப்பு மெதுவா மஞ்சளாகி வெளியே கசியும், தோல் மொறுமொறுன்னு உடையும். என் நண்பர் வீட்டில் நடந்தது இதுதான்.

மூணாவது இறகு. ஆயிரக்கணக்கான இறகுகள், ஒவ்வொண்ணும் ஓடு வேய்ஞ்ச மாதிரி அதது இடத்தில் படியணும். கழுவினப்புறம் காத்தடிச்சு முழுசா உலர்த்தலைன்னா அந்தச் செம்பு, பச்சை மினுமினுப்பு வராது.

கடையில் எதைப் பார்க்கணும்?

எல்லார் போனிலும் அழகான போட்டோ இருக்கும். அதை நம்பாதீங்க. நேர்ல போய் பக்கவாட்டில், பின்னாடி, கீழே இருந்து பாருங்க.

தலையும் கழுத்து இறகும் சேருற இடத்தில் கோடு தெரியுதா? வால் இறகுகள், பொதுவா 18 இருக்கும், சம இடைவெளியில் விரிஞ்சிருக்கா? கால் காய்ஞ்ச குச்சியா இருக்கா, சதைப் பிடிப்போட இருக்கா?

அப்புறம் நடையும் முகமும் ஒத்துப் போகுதா? முழு ஸ்ட்ரட்டில் கழுத்து பின்னால் வளைஞ்சிருக்கும், இறக்கை நுனி தரையைத் தொடும், மூக்கு மேல இருக்கிற சதை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். உடம்பு ஆடுது, மூக்குச் சதை பயந்த பறவை மாதிரி குட்டையா இருக்குன்னா, செஞ்சவர் உயிரோட வான்கோழியைச் சரியா கவனிச்சதில்லை.

சில இடங்களில் போட்டியில் வாங்கின ரிப்பன் மாட்டியிருப்பாங்க. அதுக்கு மதிப்பு உண்டு. அந்தப் போட்டிகளில் நடுவர்கள் டார்ச் அடிச்சு மூக்குத் துவாரம் வரைக்கும் பார்ப்பாங்க. ஆனா ரிப்பன் எதுக்குக் கிடைச்சதுன்னு கேளுங்க. மீனுக்கு வாங்கினவர் வான்கோழியிலும் கெட்டிக்காரரா இருக்கணும்னு இல்லை.

எதைக் கேட்கணும்?

பென்சில்வேனியாவில் இந்தத் தொழிலுக்கு மாநில கேம் கமிஷனோட அனுமதி வேணும். அதைக் காட்டச் சொல்லுங்க. தலை நிஜமா, வார்ப்பா? வேலையை நீங்களே பண்றீங்களா, வேற யாருக்காவது அனுப்புறீங்களா? எவ்வளவு முன்பணம், எத்தனை மாசம்? முழு மவுண்ட்டுக்குப் பல நூறு டாலர் ஆகும், ஆயிரத்தைத் தாண்டுறதும் சகஜம். காத்திருப்பு ஒரு வருஷம் வரைக்கும் போகலாம். "ரெண்டு வாரத்தில் தர்றேன்"னா யோசிங்க, காயவே நேரம் வேணும்.

எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி: "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க பண்ணின வான்கோழியைப் பார்க்க முடியுமா?" நாங்க போன முதல் இடத்தில் பேச்சை மாத்தினாங்க. ரெண்டாவது இடத்தில் போட்டோ காட்டினாங்க. மூணாவது ஆள் ஒண்ணும் பேசாம உள்ளே கூட்டிட்டுப் போய், அவர் சொந்த அறையில் தூசி படிஞ்சு நின்ன ஒண்ணைக் காட்டினார். கறை இல்லை, சுருக்கம் இல்லை.

உங்க பங்கு

எவ்வளவு நல்ல ஆளும் கெட்டுப் போன பறவையை ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஆளைச் சீசனுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும். பறவையைத் தரையில் இழுக்கக் கூடாது. வாயில் வர்ற ரத்தம் இறகில் படாம தலையில் டிஷ்யூ பேப்பர் சுத்தணும். வால் மடங்காம, சீக்கிரம் குளிர வச்சு, அன்னைக்கே கொடுக்க முடியலைன்னா காத்துப் புகாத பையில் உறைய வைக்கணும். டேகைக் கழட்டக் கூடாது.

கடைசியா

அந்த மூணாவது ஆள்கிட்ட என் நண்பர் தயங்கித் தயங்கி அப்பாவோட பறவையைப் பத்திக் கேட்டார். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, அதைப் பழையபடி ஆக்க முடியுமான்னு. அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். தோலை விரலால் லேசா அழுத்தினார், அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. "முடியாது. காசு வாங்கிட்டு முடியும்னு சொன்னா அது பொய்"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "வாலும் தாடியும் நல்லா இருக்கு. காலில் இருக்கிற முள்ளும் அப்படியே இருக்கு. அதைக் காப்பாத்தலாம்"ன்னார்.

இப்போ அந்த ஹாலில் ரெண்டு இருக்கு. மூலையில் நண்பர் அடிச்ச பறவை. அதுக்கு மேல சுவரில், ஒரு மரப்பலகையில் அப்பாவோட வான்கோழியின் வால் விசிறி, நடுவில் தாடி, கீழே ரெண்டு முள். பலகைக்கு மட்டும்தான் காசு வாங்கினார் அந்த மனுஷன்.

"முடியாது"ன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள்கிட்டதான் புதுப் பறவையையும் கொடுத்தார் என் நண்பர். வீடு கட்ட, பல் கட்ட, பழைய போட்டோவைச் சரி பண்ண ஆள் தேடுறப்போ நானும் இப்போ அதைத்தான் முதல்ல பார்க்கிறேன்.

உங்களுக்கு இப்படி ஒரு கைகாரரைத் தெரியுமா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.