பைத்தான் கோர்ஸுக்கு 85,000 ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி: கம்பெனிகள் அதை உண்மையில எங்கே பயன்படுத்துறாங்க?

போன வாரம் ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். பி.காம் முடிச்சிட்டு ஒரு கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் டீம்ல மூணு வருஷமா வேலை பார்க்கிறார். கைக்கு வர்ற சம்பளம் 31,000. ஒரு பயிற்சி நிறுவனத்துல இருந்து தினமும் போன் வருதாம். "எல்லா கம்பெனியும் பைத்தானுக்கு மாறிட்டாங்க, எக்செல் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இனி வேலையே இருக்காது"ன்னு சொல்றாங்களாம். ஃபீஸ் 85,000. கையில பணம் இல்லையா, 12 மாச இ.எம்.ஐ, வட்டியே கிடையாதாம். "சேரலாமாண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

ஆமா, இல்லைன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போகலாம். ஆனா கம்பெனிகள் பைத்தானை எங்கே வச்சிருக்காங்க, எங்கே வைக்கிறதில்லைன்னு தெரிஞ்சா, பதில் உங்களுக்கே கிடைச்சிடும். நான் புரோகிராமர் இல்ல, சி.ஏ. ஆடிட்டுக்குப் போற இடத்துல எல்லாம் இந்தக் கோடு எழுதுற பசங்களோட உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்த அனுபவத்துல இருந்துதான் எழுதுறேன்.

முதல்ல, பைத்தான் ஒரு பொதுப் பயன்பாட்டு மொழி. இட்லிக் குண்டான்ல இட்லிதான் அவிக்க முடியும். குக்கர்ல சோறு, பருப்பு, கறி எல்லாமே வைக்கலாம், தேவைப்பட்டா இட்லித் தட்டையும் உள்ளே இறக்கலாம். எஸ்.க்யூ.எல். மாதிரி மொழிகள் டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேட்கன்னே இருக்கிற இட்லிக் குண்டான். பைத்தான் குக்கர். நெதர்லாந்துக்காரர் கிடோ வான் ரோசம் 1991-ல வெளியிட்டார். பேர் வந்தது மலைப்பாம்புல இருந்து இல்ல, மான்ட்டி பைத்தான்ங்கிற பிரிட்டிஷ் காமெடி குழுவுல இருந்து. நமக்கு முக்கியமான விஷயம், இது இலவசம். கம்பெனியும் லைசென்ஸ் காசு கட்ட வேண்டாம், நீங்களும் கட்ட வேண்டாம். அந்த 85,000 மொழிக்கான விலை இல்ல, சொல்லிக் கொடுக்கிறதுக்கான விலை.

"எல்லா கம்பெனியும் மாறிட்டாங்க"ங்கிறதுல பாதி உண்மை இருக்கு. உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட் பேலன்ஸைப் பார்த்துக்கிற பேங்க்கோட அடிப்படை சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஜாவா, சி, இல்லைன்னா கோபால் மாதிரி பழைய மொழிகள்லதான் ஓடுது. (கோபால்னா பக்கத்து வீட்டு கோபால் இல்ல, 1959-ல பொறந்த ஒரு கம்ப்யூட்டர் மொழி.) அதை யாரும் அவ்வளவு சுலபமா தொட மாட்டாங்க. பைத்தான் வர்றது அதைச் சுத்தித்தான். ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து டேட்டாவை எடுத்து, சுத்தம் பண்ணி, இன்னொண்ணுக்குக் கொடுக்கிறது, ரிப்போர்ட் தயாரிக்கிறது, ரிஸ்க் கணக்கு போடுறது, ஏ.ஐ. மாடல் ஓட்டுறது எல்லாம் அதுல வரும். முழு சாஃப்ட்வேரையும் பைத்தான்ல கட்டினவங்களும் இருக்காங்க. இன்ஸ்டாகிராமோட சர்வர் பக்கம் ஜாங்கோங்கிற பைத்தான் கட்டமைப்புல வளர்ந்தது. பெல்ஜியத்தோட ஓடூ, மும்பை ஃப்ராப்பே நிறுவனத்தோட இ.ஆர்.பி.நெக்ஸ்ட் ரெண்டும் முழு இ.ஆர்.பி. சாஃப்ட்வேர், ரெண்டுலயும் சர்வர் பக்கம் பைத்தான்தான். ஜே.பி. மார்கனோட அதீனா, பேங்க் ஆஃப் அமெரிக்காவோட குவார்ட்ஸ், இந்த ரெண்டு பெரிய டிரேடிங், ரிஸ்க் தளங்களும் பைத்தானை மையமா வச்சு கட்டினதுதான்.

நம்ம ஆளுங்க வேலைக்கு நெருக்கமான உதாரணம் ஒண்ணு சொல்றேன். ஆன்லைன்ல துணி விக்கிற ஒரு கம்பெனியை எடுத்துக்குங்க. கஸ்டமர் 1,000 ரூபாய் கட்டுறார். பேமென்ட் கேட்வே 2 சதவீதம் கமிஷன்னு வச்சுக்கிட்டா 20 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3.60. ஆக கம்பெனிக்கு வர்றது 976.40. ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்ல இந்த 976.40 தனியா வராது. நேத்து வந்த நாலாயிரம் ஆர்டரும் சேர்ந்து ஒரே தொகையா விழும். நடுவுல ரிட்டர்ன் வந்தது, பாதி ரீஃபண்ட் ஆனது எல்லாம் கழிஞ்சிருக்கும். எந்த ஆர்டருக்குப் பணம் வந்தது, எதுக்கு வரல? எக்செல்ல வி-லுக்கப் போட்டு ஒருத்தர் மூணு நாள் உட்காருவார். எக்செல் ஷீட்ல 10,48,576 வரிசைக்கு மேல இடமும் கிடையாது. பைத்தான்ல பாண்டாஸ்னு ஒரு நூலகம் இருக்கு. ஆர்டர் ஃபைல், கேட்வே ஃபைல், பேங்க் ஃபைல் மூணையும் படிச்சு, ஆர்டர் நம்பரையும் யு.டி.ஆர். நம்பரையும் வச்சு ஜோடி சேர்த்து, சேராததை மட்டும் தனியா எடுத்து வைக்கும். சில நிமிஷ வேலை. சேராத அந்த நூறு வரியை ஏன் சேரலைன்னு பார்க்கிறதுக்கு இன்னும் மனுஷன்தான் வேணும்.

எக்செல்லை விட்டு ஏன் ஓடுறாங்க?

எக்செல் தப்புன்னு சொல்லல, நானும் தினமும் அதுலதான் வாழறேன். ஆனா 2012-ல ஜே.பி. மார்கனோட லண்டன் ஆபீஸ்ல நடந்ததை ஒவ்வொரு அக்கவுண்ட்ஸ் ஆளும் தெரிஞ்சுக்கணும். 'லண்டன் திமிங்கலம்'னு பேர் வாங்கின டிரேடிங்ல அந்த பேங்க்குக்கு 620 கோடி டாலருக்கு மேல நஷ்டம். 2013 ஜனவரியில பேங்க்கே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. அவங்க ரிஸ்க் மாடல் வரிசையா பல எக்செல் ஷீட்கள்ல ஓடியிருக்கு. ஒரு ஷீட்ல இருந்து இன்னொண்ணுக்குக் கையால காப்பி பேஸ்ட். அதுல ஒரு ஃபார்முலா, பழைய ரேட்டுக்கும் புது ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரெண்டோட சராசரியால வகுக்கணும். ஆனா கூட்டுத்தொகையால வகுத்திருக்கு.

பார்க்கச் சின்ன விஷயம். பழைய ரேட் 100, புதுசு 110. வித்தியாசம் 10. சராசரி 105, கூட்டுத்தொகை 210. விடை சரிபாதியாயிடும். நிஜத்துல இருக்கிற ஆட்டத்துல பாதிதான் ஆடுதுன்னு ஷீட் சொல்லும், ரிஸ்க் கம்மியாத் தெரியும். நஷ்டத்துக்கு மூலகாரணம் டிரேடுதான், எக்செல் இல்ல. ஆனா எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய இடத்துல அது மெதுவா அடிச்சிருக்கு.

இதே தப்பைப் பைத்தான்லயும் பண்ணலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா பைத்தான்ல அந்த ஃபார்முலா செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்காது, எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரு வரியா இருக்கும். யார், எந்தத் தேதியில மாத்தினாங்கன்னு வரலாறு வச்சுக்கலாம். "100, 110 கொடுத்தா இந்த விடை வரணும்"னு ஒரு டெஸ்ட் எழுதி, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் தானா ஓட வைக்கலாம். ஆடிட்டரா எனக்கு இது பெரிய நிம்மதி. இந்தத் தெளிவுக்காகத்தான் அமெரிக்காவோட எஸ்.இ.சி., 2010-ல ஒரு வேடிக்கையான யோசனை வச்சது. கடன் பத்திரங்கள்ல யாருக்கு எந்த வரிசையில பணம் போகும்ங்கிறதை வெறும் சட்டத் தமிழ்ல, மன்னிக்கணும், சட்ட ஆங்கிலத்துல எழுதினா போதாது, பைத்தான் புரோகிராமாவும் தாக்கல் பண்ணணும்னு சொன்னாங்க. 2014-ல வந்த இறுதி விதிகள்ல அது இடம்பெறல.

10 ரூபாய் எங்கே போச்சு?

சில வருஷம் முன்னாடி ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு ஆடிட் போயிருந்தேன். சம்பளக் கணக்கை அவங்களே பைத்தான்ல எழுதி வச்சிருந்தாங்க. நல்ல வேலை, ஒரு பையன் தனியா உட்கார்ந்து பண்ணியிருந்தான். வரி கட்டுற 180 பேர்ல 9 பேருக்கு மட்டும் வருஷ வரி 10 ரூபாய் குறைவா வந்திருந்தது. மத்தவங்களுக்கெல்லாம் சரி. கோடு ஒண்ணுதான், அப்போ எப்படி?

1961 வருமான வரிச் சட்டத்தோட 288ஏ, 288பி பிரிவுகள், வருமானத்தையும் கட்ட வேண்டிய வரியையும் பக்கத்துப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்லியிருந்தது. கடைசி இலக்கம் 5 அல்லது அதுக்கு மேலன்னா மேலே போகணும். 41,325 வந்தா 41,330. பைத்தான்ல இருக்கிற 'ரவுண்ட்' கட்டளை அப்படிப் பண்ணாது. சரியா நடுவுல இருந்தா, பக்கத்துல இருக்கிற இரட்டைப்படைப் பக்கம் போகும். அதனால 41,325 ஆனது 41,320. ஆனா 41,335 வந்தவருக்கு 41,340, அது சட்டப்படியும் சரி. ஒருத்தருக்குத் தப்பு, பக்கத்து சீட்டுக்காரருக்குச் சரி! எக்செல்லோட ரவுண்ட் நம்ம சட்டம் சொல்ற மாதிரியே மேலே போகும், அதனால எக்செல்ல செக் பண்ணாத்தான் வித்தியாசமே தெரியும். ஜி.எஸ்.டி.லயும் இதே கதைதான். சி.ஜி.எஸ்.டி. சட்டம் 170-வது பிரிவுப்படி 50 பைசா வந்தா மேலே. 12.50-ஐ 13 ஆக்கணும், பைத்தான் 12 ஆக்கும்.

இது பைத்தானோட பிழை இல்ல. கூட்டிக்கிட்டே போகும்போது ஒரே பக்கம் சாயக்கூடாதுன்னு வேணும்னே வச்ச முறை. காசுக் கணக்குக்குன்னே பைத்தான்ல 'டெசிமல்'னு ஒரு பகுதி இருக்கு, பாதின்னா மேலே போகணும்னு அதுல சொல்லிடலாம். சாதாரண தசம எண்கள்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.30000000000000004-ன்னு வரும் தொல்லையும் இதுல இல்ல.

அந்தப் பையன் பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டான். ஆனா தப்பைக் கண்டுபிடிச்சது அவனும் இல்ல, நானும் இல்ல. எச்.ஆர்.ல இருந்த ஒரு பொண்ணு தன்னோட வரியை கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்து, "சார், எனக்கு 10 ரூபாய் கம்மியா வருது, இது சரியா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பைத்தான்ல ஒரு எழுத்து தெரியாது.

சரி, தம்பியோட 85,000

85,000-ஐ 12-ஆல வகுத்தா மாசம் 7,083. 31,000 சம்பளத்துல கிட்டத்தட்ட கால்வாசி. 'வட்டியில்லா' இ.எம்.ஐ.ன்னு சொல்றது பல இடத்துல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல கொடுக்கிற கடன். ரெண்டாவது மாசம் கிளாஸ் பிடிக்கலைன்னு நின்னுட்டாலும் கடன் நிக்காது. கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடிவாங்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது தெரியும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கடன் கொடுக்கிறவங்க பேரையும், பாதியில விலகினா என்னன்னு இருக்கிற பத்தியையும் படிங்க.

இலவசமா கத்துக்க நல்ல வழி இருக்கு. என்.பி.டி.இ.எல்.ல ஐ.ஐ.டி. ரோபார் நடத்துற 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்', சேர்றதுக்குக் காசு கிடையாது, பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் ஃபீஸ். அது கொஞ்சம் ஓடினதும், உங்க ஆபீஸ்ல மாசாமாசம் கடுப்பேத்துற ஒரே ஒரு வேலையை எடுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் டேலியில இருந்து எடுத்த லெட்ஜரையும் பொருத்துறது நல்ல ஆரம்பம். மூணு மாசம் கழிச்சும் ஆர்வம் இருந்து, தனியா ஒரு இடத்துல சிக்கினா, அப்போ காசு கட்டுறதைப் பத்தி யோசிக்கலாம். எக்செல்லை விட்டு வெளியே வரணும்னுகூட இல்ல. 2023 ஆகஸ்ட்ல எக்செல்லுக்குள்ளேயே பைத்தான் ஓட்டுற வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவிச்சிடுச்சு.

ஒரு எச்சரிக்கை. பழகறேன்னு கம்பெனியோட சம்பள ஃபைலையோ கஸ்டமர் லிஸ்ட்டையோ சொந்த லேப்டாப்ல, ஏதோ ஒரு இலவச வெப்சைட்ல ஏத்திடாதீங்க. வேலைக்கே வேட்டு வைக்கும். பேரும் தொகையும் மாத்தின டம்மி ஃபைல்ல பழகுங்க, நிஜ ஃபைலுக்கு ஐ.டி. டீம்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் கேட்டுட்டுச் செய்யுங்க.

பைத்தான் கத்துக்கிட்டு அல்கோ டிரேடிங் பண்ணி சம்பளத்தை விட அதிகமா சம்பாதிக்கலாமான்னு அதே மெயில்ல கடைசியில ஒரு கேள்வி இருந்தது. அதுக்குத் தனி வீடியோ போடுறேன், திட்டு பலமா இருக்கும்.

இதையெல்லாம் சுருக்கமா தம்பிக்கு எழுதி அனுப்பினேன். நேத்து பதில் வந்தது. கோர்ஸ்காரங்க நம்பரை பிளாக் பண்ணிட்டாராம். கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். ரவுண்ட் கட்டளையில 2.5 போட்டிருக்கார், விடை 2. கீழே, "அண்ணா, எங்க கம்பெனி பே-ஸ்லிப் சாஃப்ட்வேர்லயும் இப்படித்தான் இருக்குமோ? இந்த மாசம் என்னோடதைப் போட்டுப் பார்க்கிறேன்."