சிக்னலில் வண்டி தானாக அணைந்தால் பயப்பட வேண்டாம்

சென்ற கூட்டத்தில் கடன் தவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் உறுப்பினர் எழுந்து, "அக்கா, இந்த மாசம் முழுத் தவணையும் என்னால கட்ட முடியாது, வண்டிக்கே காசெல்லாம் போயிடுச்சு" என்றார். குழுக் கடனில் பழைய மஞ்சள் போர்டு கார் ஒன்றை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி சவாரியையும் ஏற்றி ஓட்டிவரும் சகோதரி அவர். என்ன பழுது என்று கேட்டோம். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடுகிறதாம். பட்டப்பகலில் முன்விளக்கு தானாக எரிகிறதாம். இந்த இரண்டையும் சரி செய்யச் சொல்லி ஒரு கடையில் வண்டியை விட்டிருக்கிறார். பேட்டரியை மாற்றி, வயரிங் பார்த்து, ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிவிட்டார்கள்.

அவர் சொன்ன இரண்டுமே பழுது அல்ல. அந்த வண்டி அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் கடையில் மாற்றிப் போட்ட பேட்டரியால் ஏழு மாதத்தில் நிஜமான பழுது வந்துவிட்டது. தெரியாமல் காசு கொடுத்து, இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு, புது நோயை வாங்கிய கதைதான். வாகனக் கடன் வாங்கியவர்கள் நம்மில் பலர் இருப்பதால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இன்ஜின் அணைவதைப் பார்ப்போம். சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ வண்டி சும்மா உறுமிக்கொண்டு நின்றாலும் எரிபொருள் செலவாகிறது. சிறிய கார் என்றாலும் ஒரு மணி நேரம் இப்படி நின்றால் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். அதை மிச்சம் பிடிக்க, வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைத்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் செய்யும் ஏற்பாட்டைக் கார்களில் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2015-ல் மாருதி சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகளில் இது வந்தது. பிறகு பல கம்பெனி வண்டிகளிலும் பரவியது. அவை இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிற நம்மிடம் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டியோடு வரும் புத்தகமோ ஆங்கிலத்தில் தலையணை கனத்துக்கு இருக்கிறது. அதைத் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

கியர் வண்டியில் நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணையும். திரும்பக் கிளட்சை மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். கியர் இல்லாத வண்டியில் பிரேக்கை மிதித்து நின்றால் அணையும், பிரேக்கை விட்டால் ஸ்டார்ட் ஆகும். டேஷ்போர்டில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைச் சுற்றி ஓர் அம்புக்குறி வட்டம் போட்ட சின்னம் எரிந்தால், வண்டி வேண்டுமென்றே அணைத்திருக்கிறது என்று பொருள். இது நமக்கு வேண்டாம் என்றால் அதே சின்னம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அமுக்கினால் போதும். பெரும்பாலான வண்டிகளில் சாவியை அணைத்து மறுபடி போட்டால் பழையபடி வந்துவிடும், திரும்பவும் அமுக்க வேண்டும். இந்தப் பொத்தானுக்குத்தான் நம் சகோதரி ஆறாயிரம் கொடுத்தார்.

"முன்னே அணைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, இப்போ அணையறதே இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் உடனே பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் இன்ஜின் சூடாகும் வரை அணையாது. ஓட்டுநர் சீட் பெல்ட் போடாவிட்டால் அணையாது. ஓட்டுநர் பக்கக் கதவோ முன்பக்க பானெட்டோ சரியாக மூடாமல் இருந்தால் அணையாது. தண்ணீர் ஊற்றிக் கழுவியபின், ஆயில் பார்த்தபின் பானெட்டை மெதுவாக வைத்துவிட்டு வருவோம், அது முழுதாகப் பூட்டியிருக்காது. ஒரு தடவை தூக்கி நன்றாக மூடிப் பார்க்கலாம். மே மாத வெயிலில் ஏ.சி.யை முழுக்கத் திருகி வைத்தாலும் அணையாது. அணைந்தாலும் வண்டிக்குள் சூடு ஏறியதும் நாம் ஒன்றும் செய்யாமலே ஸ்டார்ட் ஆகிவிடும். இவற்றையெல்லாம் பார்த்தபிறகும் வாரக்கணக்கில் அணையவே இல்லை என்றால் பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம். திரும்ப ஸ்டார்ட் செய்ய முடியுமோ என்ற சந்தேகம் வண்டிக்கே வந்துவிட்டது, அதனால்தான் இன்ஜினை அணைக்கத் தயங்குகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும். பேட்டரி சார்ஜ் ஏற நேரமே கிடைப்பதில்லை.

இங்கேதான் முக்கியமான விஷயம். சாதாரண கார் ஒரு நாளில் ஐந்தாறு தடவை ஸ்டார்ட் ஆகும். இந்த வகைக் கார் நெரிசலில் ஐம்பது தடவைகூட ஆகும். அதைத் தாங்குவதற்கென்றே தனி பேட்டரி செய்கிறார்கள். இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். விலை கூடுதல்தான். அதற்குப் பதில் விலை குறைந்த சாதாரண பேட்டரியைப் போட்டால் முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரமே ஓய்ந்துவிடும். நம் சகோதரிக்கு நடந்தது இதுதான். இரவு எட்டு மணிக்கு, பிரசவ வலியில் இருந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது ரயில்வே கேட்டில் அணைந்த இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் வந்த லோடு ஆட்டோக்காரர்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள். இருந்தாலும் அதைச் சொல்லும்போது அந்தச் சகோதரிக்கு இன்னமும் கை நடுங்குகிறது.

ஆகவே பேட்டரி மாற்றும் முன், பழைய பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதே வகையைக் கேளுங்கள். பில்லில் அந்த வகையின் பெயரையும் எழுதி வாங்குங்கள். பழைய வண்டி வாங்கும்போதும் பானெட்டைத் திறந்து இதைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். 2018-க்குப் பிறகு வந்த சில மாருதி பெட்ரோல் வண்டிகளில் வழக்கமான பேட்டரியோடு லித்தியம் பேட்டரி ஒன்றும் தனியாக இருக்கிறது. அதில் நாமும் கை வைக்கக் கூடாது, தெருமுனைக் கடையிலும் கை வைக்க விடக் கூடாது.

சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று மல்டிமீட்டரில் நாமே பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் அன்றைக்குத் தூர சவாரி ஒத்துக்கொள்ளாதீர்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவே தடையாகிவிடும். சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸ் முனையைக் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கையில் உலோக வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள், தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே உலோகம் பட்டால் தோல் வெந்துவிடும். இன்னொன்று, சிக்னலில் தானாக அணைந்த இன்ஜின் உண்மையில் அணைந்தது ஆகாது. சாவியை எடுக்காமல் பானெட்டைத் திறந்து கை விட வேண்டாம்.

கிளட்சை மிதித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, அந்த 'ஏ' சின்னம் மஞ்சளாக மின்னிக்கொண்டே இருக்கிறது, ஸ்டார்ட் ஆகும்போது இழுத்து இழுத்துச் சத்தம் வருகிறது என்றால் இவை பழுதுதான். பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி ஆனால் கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னச் சாமான்தான், ஆனால் நாம் மிதித்தோம் என்று வண்டிக்குச் சொல்வதே அதுதான்.

முன்விளக்கு விஷயம் இன்னும் எளிது. ஸ்டியரிங் பக்கத்து விளக்குக் குச்சியில் ஆட்டோ என்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்திருந்தால் வெளிச்சம் குறையும்போது விளக்கு தானாக எரியும். வெளிச்சத்தை அளக்கும் சென்சார் டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடியை ஒட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவில் கருப்பாக மேடாக இருக்கும். சில வண்டிகளில் உள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். நம் சகோதரியின் வண்டியில் அந்த இடத்தில் பிள்ளையார் சிலையும், அவருக்குக் கீழே மடித்துப் போட்ட மஞ்சள் துணியும் இருந்தன. சென்சார் பாவம், எப்போதும் ராத்திரி என்றே நினைத்துக்கொண்டிருந்தது! பிள்ளையாரை ஒரு சாண் நகர்த்தி வைத்ததும் பகலில் விளக்கு எரிவது நின்றுவிட்டது. வயரிங் பார்த்த கடையில் இந்தத் துணியை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

சந்தேகம் இருந்தால் பகலில் வண்டியை ஸ்டார்ட் செய்து, குச்சியை ஆட்டோவில் வைத்து, சென்சாரை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். சில நொடிகளில் விளக்கு எரிந்து, கையை எடுத்துச் சற்று நேரத்தில் அணைந்தால் நன்றாக இருக்கிறது. வண்டியைப் பூட்டியபின் அரை நிமிடம் விளக்கு எரிவதும் பழுதல்ல, நாம் வீட்டு வாசலுக்குப் போக வெளிச்சம் காட்டுகிறது.

ஆனால் சென்சாரை முழுக்க நம்பிவிடக் கூடாது. மார்கழிப் பனியிலும் பகல் மழையிலும் வானம் வெள்ளையாக இருப்பதால் அது விளக்கைப் போடாது. முன்னால் சின்னதாக ஒரு பகல் விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் எரிகிறது என்று நினைத்துவிடுவோம். பல வண்டிகளில் அப்போது பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்கு நம் வண்டியே தெரியாது. பனியிலும் மழையிலும் நாமே கையால் விளக்கைப் போட வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகள் "எங்க வண்டியில லைட்டை அணைக்க சுவிட்சே இல்லையே" என்று கேட்கிறார்கள். 2017 ஏப்ரல் முதல் புதிய இரண்டு சக்கர வண்டிகள் எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடும்போது முன்விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. எதிரே வருகிறவர் கண்ணில் நாம் படுவதற்காக வைத்தது. தனியாக சுவிட்ச் போட்டுத் தருகிறோம் என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். சிக்னலில் தானாக அணையும் ஸ்கூட்டர்களும் இருக்கின்றன. அவை ஆக்சிலேட்டரைத் திருகினால் ஸ்டார்ட் ஆகும். கடை வாசலில் அப்படி நிறுத்திவிட்டு, முன்னால் நிற்கும் பிள்ளையை வண்டியிலேயே விட்டுவிட்டு, சாவியை எடுக்காமல் இறங்காதீர்கள். பிள்ளை விளையாட்டாகத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும்.

மல்டிமீட்டர் ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்கியிருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வண்டியில் வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக வந்தால் பேட்டரியைச் சேர்ந்து பார்த்துவிடலாம். அந்தச் சகோதரியின் மீதித் தவணையை இரண்டு மாதமாகப் பிரித்துக் கட்டலாம் என்று அவருடைய குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. சரியான பேட்டரி போட்டாகிவிட்டது. வண்டி ஓடுகிறது.