‘ஃபவுண்ட்’ என்று ஓடும் அந்த வரிக்குப் பின்னால்

2020 ஜனவரி 17 முதல் 19 வரை, டெல்லி ரோகிணியில் இருக்கும் மகாராஜா அக்ரசேன் தொழில்நுட்பக் கல்லூரியில் கேடிஇ சமூகத்தின் இந்திய மாநாடு நடந்தது. கட்டற்ற மென்பொருளுக்குப் புது ஆட்களை இழுப்பதுதான் நோக்கம். அப்படி இழுக்கப்பட்டவர் வீடு திரும்பி, ஒரு கேடிஇ மென்பொருளை மூலநிரலிலிருந்து பில்ட் பண்ண உட்கார்ந்தால், அது முதலில் எதைக் கேட்கும் தெரியுமா? ‘எக்ஸ்ட்ரா சிமேக் மாட்யூல்ஸ்’! பொத்தான் கிடையாது, ஐகான் கிடையாது, ஓடவிட்டு ரசிக்க ஒன்றுமே கிடையாது. ஆனால் அது இல்லாமல் அனேகமாக எந்த கேடிஇ பில்டும் நகராது.

எதை எந்த வரிசையில் கம்பைல் செய்வது, எந்த லைப்ரரியோடு இணைப்பது என்று திட்டம் போட்டுத் தருவது, அந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் சிமேக். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பணத்தில் உருவான ஐடிகே என்ற மருத்துவப் பட மென்பொருளுக்காக கிட்வேர் நிறுவனம் எழுதியது. 2006-ல் கேடிஇ அதற்கு மாறியது. சிமேக்குக்கு அடித்தது யோகம்.

சரி, லைப்ரரி எங்கே இருக்கிறது? அங்கேதான் கூத்து! உபுண்டு ஒரு ஃபோல்டரில் வைக்கும். ஃபெடோரா ‘லிப்64’ என்னும். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகப் போட்டால் தனிக்குடித்தனம். விண்டோஸைப் பற்றிக் கேட்காதீர்கள். செக்டர், பாக்கெட், பிளாக் என்று முகவரி அத்தனை ஒழுங்காக இருந்தும், ரோகிணியில் டெலிவரிப் பையன் கீழே நின்று போன் அடிப்பானே, அதே நிலைமை.

இந்தத் தேடலை ஒருவர் செய்து எழுதி வைத்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். அப்படி எழுதியதுதான் ஃபைண்ட் மாட்யூல். சிமேக்கோடு வருபவை போக, எக்ஸ்ட்ரா சிமேக் மாட்யூல்ஸிலும் இவை உண்டு. பிஎன்ஜி படங்களுக்கான ஃபைண்ட்பிஎன்ஜி கோப்பைத் திறந்து பாருங்கள், சிரிப்பு வரும். முதலில் ஸீலிப் என்ற சுருக்கல் லைப்ரரி இருக்கிறதா என்று விசாரிக்கிறது; அது இல்லாமல் பிஎன்ஜிக்குப் பிழைப்பில்லை. பிறகு ஹெடர் கோப்பைத் தேடுகிறது. அப்புறம் லைப்ரரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்க்கிறது: வெறும் பிஎன்ஜி, லிப்பிஎன்ஜி, கூடவே 16, 15, 14, 12 என்று பதிப்பு எண்கள் ஒட்டிய பெயர்கள். கிடைத்ததும் ஹெடருக்குள் நுழைந்து பதிப்பு எண்ணைப் படித்துக்கொள்கிறது. எல்லாம் கூடி வந்தால் திரையில் ‘ஃபவுண்ட்’. இல்லையென்றால் ‘குட் நாட் ஃபைண்ட்’. அதில் ‘நாட்’ மட்டும் பெரிய எழுத்தில் அலறும்! இந்த இரண்டு வாசகங்களும் எல்லா மாட்யூல்களிலும் ஒன்றுபோல் வருவதற்கு ஒரு பொதுவான துணை ஃபங்ஷன் இருக்கிறது.

சரி, நாமும் ஒன்று எழுதிக் கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள், நேர பட்ஜெட். கோப்பின் தலையில் விளக்கக் குறிப்பு வேண்டும். ஹெடர் பாதையையும் லைப்ரரியையும் ஒரே பெயரில் கட்டித் தரும் ‘இம்போர்ட்டட் டார்கெட்’ வேண்டும். முன்பெல்லாம் சிமேக்குக்கு மாட்யூல் கொடுத்தவரே அதைப் பராமரிக்கவும் சம்மதிக்க வேண்டும் என்பது வழக்கம். நியாயம்தானே, பெற்றவர்தான் வளர்க்க வேண்டும்.

வளர்ப்பு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு, பூஸ்ட் என்ற சி++ லைப்ரரித் தொகுப்பைத் தேடும் ஃபைண்ட்பூஸ்ட் சாட்சி. இரண்டாயிரம் வரிகளைத் தாண்டிய பூதம் அது! பூஸ்டின் எந்தப் பகுதி எந்தப் பகுதியை நம்பியிருக்கிறது என்று பதிப்பு வாரியாக ஒரு பட்டியல் அதற்குள்ளே கிடக்கும். பூஸ்ட் புதுப் பதிப்பு வெளியானால், பழைய சிமேக் ‘இதன் சார்புகள் எனக்குத் தெரியாமல் போகலாம்’ என்று புலம்பும். 1.70 பதிப்பிலிருந்து பூஸ்டே தன் இருப்பிடத்தைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பைத் தன்னோடு கொண்டுவர ஆரம்பித்தது. 2024-ல் வந்த சிமேக் 3.30, ஃபைண்ட்பூஸ்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

ஆகவே புதிதாக வருகிறவர்கள் மாட்யூல் எழுத உட்காருமுன், அந்த லைப்ரரிக்காரர்களிடமே ஒரு கான்ஃபிக் கோப்பை எழுதிக் கொடுங்கள். அதுதான் நீண்டநாள் நிற்கும். அவர்கள் மசியாவிட்டால் ஃபைண்ட் மாட்யூல் எழுதலாம். லினக்ஸில் சிமேக் வைத்திருப்பவர்கள் அதன் ‘மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை இன்றே திறந்து பாருங்கள். முதலில் ஃபைண்ட்பிஎன்ஜி, ஃபைண்ட்பூஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக்கு.