மலைக்கு ஒரு ஜிபிஎஸ், காருக்கு ஒரு ஜிபிஎஸ்

2024 ஜனவரியில் கூடலூரிலிருந்து கர்நாடகம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கார், போன் காட்டிய குறுக்குவழியில் நுழைந்து படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்களும் போலீஸும் சேர்ந்து வண்டியை மீட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே நடந்தது அப்படி முடியவில்லை. ராமகங்கை ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற பாலத்தில், வழிகாட்டும் செயலியைப் பார்த்து ஏறியதாகச் சொல்லப்படும் கார் கீழே விழுந்து 3 பேர் இறந்தார்கள்.

கார் எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு இடத்திலும் குழப்பம் இல்லை. அங்கே இருப்பது ரோடா, படிக்கட்டா, அறுந்த பாலமா என்று சொல்ல வேண்டிய வரைபடம்தான் காலை வாரியது. ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் 'எத்தனை மீட்டர் துல்லியம்?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. உள்ளே என்ன வரைபடம் இருக்கிறது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற இரண்டையும் கேட்டு முடித்த பிறகு அதைக் கேட்டால் போதும்.

துல்லியத்தைப் பின்னுக்குத் தள்ளக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலை நம் கைக்கு வந்துசேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்த நேரத்தை அளந்துதான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. நம் கருவியில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ். அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கத்தான் மூன்று கோள்கள் போதாமல் நான்காவது தேவைப்படுகிறது. இந்தக் கணக்கை ஒரு சாதாரண போனே செய்துவிடும். திறந்தவெளியில் அதன் பிழை பொதுவாக 5 மீட்டருக்குள்தான். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் இன்றைய சில்லுகள் சேர்த்தே கேட்கின்றன. நம் நாவிக் அமைப்பின் கோள்கள் இந்தியாவிலிருந்து பார்த்தால் வானில் உயரத்திலேயே இருப்பதால், பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு அவை உதவ வேண்டும். ஆனால் அவற்றில் சிலவற்றின் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2025 ஜனவரியில் ஏவிய புதிய கோளும் சேர வேண்டிய பாதையைச் சேரவில்லை. பெட்டியில் நாவிக் என்று போட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

காருக்கு என்றால் பதில் சுருக்கமானது. தனிக்கருவி தேவையில்லை, உங்கள் போனே போதும். போகிற மாவட்டங்களின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் போனாலும் ஜிபிஎஸ் போகாது, ஏனென்றால் அது இணையத்தில் ஓடுவதில்லை. டவர் இல்லாத இடத்தில் காணாமல் போவது வரைபடம்தான். போனை ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். சித்திரை வெயிலில் டாஷ்போர்டில் கிடக்கும் போன் சூடேறித் தானாக அணைந்துவிடும். மேம்பாலத்தின் மேலே போகிறோமா, அடியில் சர்வீஸ் ரோட்டில் போகிறோமா என்பதில் 5 மீட்டர் பிழை உள்ள கருவி தடுமாறத்தான் செய்யும். கத்திப்பாராவில் இதை அனுபவிக்காத சென்னைக்காரர் குறைவு. அங்கே போனைவிட பச்சைப் பலகையை நம்புவது நல்லது. நீளமான சுரங்கப் பாதைகளில் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் காரோடு பொருத்தி வரும் கருவி கூடுதல் பயன் தரும். சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பதை வைத்து, வானம் தெரியாத நேரத்திலும் அது இடத்தைக் கணித்துக்கொண்டே போகும்.

மலை வேறு விஷயம். கோளிலிருந்து வரும் அலை தரையைத் தொடும்போது பின்னணி இரைச்சலைவிடப் பலவீனமாகிவிடுகிறது. நீலகிரியில் ஒரு சோலைக்காட்டுக்குள் மழை ஓய்ந்த கையோடு கருவியைப் பாருங்கள். வெளியே புல்வெளியில் நிலையாக நின்ற புள்ளி, உள்ளே நுழைந்ததும் அலையத் தொடங்கும். நனைந்த இலைகள் அலையை உறிஞ்சுகின்றன. பக்கத்துப் பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை நீண்ட வழி சுற்றி வருவதால், கோள் இன்னும் தூரத்தில் இருப்பதாகக் கருவி ஏமாறுகிறது. ஓரிடத்தில் நின்று மதியச் சாப்பாட்டை முடித்திருப்பீர்கள்; பதிவாகும் தடமோ நீங்கள் நூறு மீட்டர் அங்கும் இங்கும் நடந்ததாகக் காட்டும். இரட்டை அலைவரிசைக் கருவிக்குப் பணம் கொடுக்கத் தகுதியுள்ள இடம் இதுதான். பழைய எல்1 அலையோடு எல்5 என்ற அலையையும் அது கேட்கும். எல்5-இன் குறியீடு பத்து மடங்கு வேகமானது என்பதால், நேராக வந்த அலை எது, பாறையில் பட்டு வந்தது எது என்று பிரித்தறிவது எளிது. 2018-க்குப் பிறகு இந்த வசதி போன்களுக்கும் வந்துவிட்டது.

அப்படியானால் மலைக்கும் போன் போதாதா? ஒரு பகல் நடைக்கு, தெரிந்த பாதைக்கு, தாராளமாகப் போதும். ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். இரண்டு மூன்று நாள் நடை, அதுவும் ஐப்பசி மழையில் என்றால், கையடக்கக் கருவியின் அருமை அப்போதுதான் தெரியும். நனைந்த தொடுதிரை விரலுக்கும் மழைத்துளிக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறும். பொத்தான் வைத்த கருவியைக் கையுறையோடுகூட இயக்கலாம். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றவை இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். அந்த பேட்டரி மலையடிவாரத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல கருவி ஒன்றின் விலையில் நடுத்தர ரகப் போனே வாங்கிவிடலாம் என்பதும் உண்மை. ஆண்டுக்கு ஒரு முறை மலையேறுகிறவர் அந்தப் பணத்தைப் பவர் பேங்கிலும் நல்ல மழைக்கோட்டிலும் போடட்டும்.

வாங்குவதென்று முடிவு செய்தால், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் அளக்கும் வசதியும் காந்தத் திசைகாட்டியும் உள்ளதாகப் பாருங்கள். வெறும் ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் நடந்தால்தான் திசை தெரியும். மூடுபனியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தவிக்கும்போது அது உதவாது.

உயரத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் வடிவத்துக்குப் பொருந்தும்படி கற்பனை செய்துகொண்ட ஒரு நீள்கோளப் பரப்பிலிருந்து. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாததால், உண்மையான கடல் மட்டம் அந்தப் பரப்புக்குச் சில இடங்களில் மேலேயும் சில இடங்களில் கீழேயும் இருக்கும். அப்படிக் கடல் மட்டம் உலகிலேயே மிக அதிகமாகத் தாழ்ந்திருக்கும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், சுமார் 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு உட்கார்ந்திருக்கிறது. இதைத் திருத்தாத சில ஆண்ட்ராய்டு செயலிகளை மெரினா மணலில் நின்று திறந்தால், உயரம் கழித்தல் குறியோடு 80 மீட்டருக்கு மேல் காட்டும். போன் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். மலையில் மட்டும் கவனம் தேவை, ஏனென்றால் வரைபடத்தின் உயரக்கோட்டோடு ஒப்பிட்டால் அதே அளவுக்குத் தப்பாகப் போகும்.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ தாள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 1802-ல் பிரிட்டிஷ் அளவையாளர் லாம்டன் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணியிலிருந்து பிறந்த 'எவரெஸ்ட்' என்ற பரப்பை வைத்து வரைந்தவை அவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. அமைப்பை மாற்றாமல் அந்தத் தாளின் எண்களை அப்படியே கருவியில் போட்டால், புள்ளி நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளி விழும். செங்குத்துப் பாறை ஓரத்தில் அது சிறிய தூரம் இல்லை. இதைவிட ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் நல்லது. இலவசம், கார்மின் கருவியிலும் ஏற்றலாம். ஆனால் காட்டுப் பாதைகள் அதில் தன்னார்வலர்கள் வரைந்த அளவுக்கே இருக்கும். கிளம்பும் முன் உங்கள் பாதை அதில் உண்டா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வனத்துறை திறந்திருக்கும் பாதைகளில் உள்ளூர் வழிகாட்டியோடுதான் போவீர்கள். அவர் நடக்கும் தடத்தைப் பதிவு செய்து வைத்தால், இல்லாத வரைபடத்தை நீங்களே வரைந்தவர் ஆவீர்கள்.

ஜிபிஎஸ் கையில் இருந்தால் யாராவது நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது தவறு. ஜிபிஎஸ் கருவி கேட்க மட்டுமே செய்யும். உங்கள் இடம் உங்களுக்குத்தான் தெரியும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்றவை தனி ரகம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளை 2024-ல்கூட விமான நிலையங்களில் பிடித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஆசையாக ஒன்று வாங்கிவரச் சொல்லிவிடாதீர்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை அடிவாரத்துச் சோதனைச் சாவடியிலும் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.