அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தில் உதவிப் பயிற்றுநர் பெயர்வு: ஒரு நோக்கு

முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்தி ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டம், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து, தொலைக்காட்சி உரிமைகளாலும் நுழைவுச்சீட்டு விற்பனையாலும் பெருவருவாய் ஈட்டுந் துறையாக வளர்ந்துள்ளது. ஆண்டுதோறும் ஆட்டப்பருவத்தின் இறுதியில் உதவிப் பயிற்றுநர் பலர் உயர்பதவி நாடித் தம் அணிகளை விட்டு நீங்குவர். இதனைத் தனிமனிதரின் பதவியாசை என்றோ நன்றியின்மை என்றோ கொள்வது மேலோட்டமான நோக்காகும். இப்பெயர்வுக்கு நிலைக்களனாயமையும் தொழில் உறவுகளே ஆராயப்படல் வேண்டும்.

தலைமைப் பயிற்றுநரின் கீழ்த் தாக்குதலாட்டத்தையும் தடுப்பாட்டத்தையும் நெறிப்படுத்தும் ஒருங்கிணைப்பாளர்களும், அவர்தம் கீழ் வெவ்வேறு ஆட்டநிலைகளுக்குப் பொறுப்பான உதவியாளர்களும் பணிபுரிவர். தலைமைப் பயிற்றுநர் நீக்கப்படுமிடத்து, அவர் இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் தம்மவரையே கொணர்வர். எனவே, தாம் செய்யாத தவறுக்காகவும் உதவியாளர் வேலையிழக்க நேரிடும். மறுபுறம், அணி வெற்றிபெறும் ஆண்டே அவர்தம் உழைப்புக்குச் சந்தையில் விலை உயரும் ஆண்டுமாகும். ஏற்றத்தை நாடுதலும் வீழ்ச்சிக்கு அஞ்சுதலும் ஒரே நிலைமையின் இரு பக்கங்கள் எனலாம்.

இதற்கு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் தக்க எடுத்துக்காட்டாகும். அங்குத் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராயிருந்த டேவ் அரண்டாவுக்கு 2018இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டொலர் ஊதியம் உறுதிசெய்யப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் 15 ஆட்டங்களிலும் வென்று அவ்வணி தேசிய வாகை சூடியது. 2020 ஜனவரியில் அரண்டா பேய்லர் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். தாக்குதலாட்டத்தைச் செப்பனிட்ட ஜோ பிரேடி கரோலைனாவின் தொழில்முறை அணிக்குச் சென்றார். அடுத்த பருவத்தில் அணி 5 ஆட்டங்களில் வென்று 5இல் தோற்றது. சிறந்த வீரர் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றமையும் இதற்குக் காரணமாதலின், பயிற்றுநர் பெயர்வை மட்டுமே காரணமெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், ஊதிய உயர்வு மாத்திரம் ஒருவரை நிறுத்திவைக்கப் போதாது என்பது ஈண்டுப் புலனாகின்றது.

இனி, மாணவ வீரரின் நிலை நோக்கற்பாலது. பள்ளி மாணவரின் இல்லம் நாடிச் சென்று, பெற்றோருடன் உரையாடி, அவரை அணியிற் சேர்ப்பவர் பெரும்பாலும் உதவிப் பயிற்றுநரே. ஆயின் 2024 வரை நடைமுறையிலிருந்த ஒப்புதற் பத்திரம் மாணவரைப் பல்கலைக்கழகத்துடன் பிணைத்ததேயன்றிப் பயிற்றுநருடன் பிணைக்கவில்லை. நம்பி வந்த பயிற்றுநர் நீங்கியபின் மாணவர் வேறு பல்கலைக்கழகம் நாடினால், பொதுவாக ஓராண்டு ஆடாதிருக்கவேண்டும் என்பது 2021 வரை விதியாயிருந்தது. ஒருவர் உழைப்பு சந்தைப் பண்டமாகவும், மற்றவர் உழைப்பு ஊதியமற்ற ஆர்வமாகவும் கணிக்கப்பட்டமையே இம்முரண்பாட்டின் அடிப்படையாகும்.

2021இல் ஒருமுறை தடையின்றி மாறும் உரிமை வழங்கப்பட்டது. 2024இல் அவ்வரையறையும் தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்கள் வீரருக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்தது. மாணவரிடம் விசுவாசம் அருகிவிட்டதென இன்று வருந்துவோர் உளர். பயிற்றுநர் நெடுங்காலம் துய்த்த பெயர்வுரிமையின் சுமையை, அவ்வுரிமையற்ற மாணவரே தாங்கினர் என்பதை அவர்கள் மனங்கொள்ளல் தகும்.